ஐந்து நாள், ஆறு மண்மேடு

மார்ச் 25, திங்கள் – பெர்க்கம்ஸ்டெட்

எல்லாம் பேரனால் வந்தது. லண்டனில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். நார்மன் கோட்டை ஒன்றை அட்டையில் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள் பள்ளிக்கூடத்தில். பசை தடவும் வேலை எனக்கு. அவன் புத்தகத்தில் அந்தக் கோட்டையின் குறுக்குவெட்டுப் படம் இருந்தது. சுற்றிலும் வட்டமாகப் பள்ளம், பள்ளத்தில் வெட்டிய மண்ணை நடுவில் கொட்டிய மேடு, மேட்டின் உச்சியில் மரக்கோபுரம், பக்கத்தில் கரை எழுப்பி வேலி போட்ட பெரிய முற்றம். பொதுப்பணித்துறையில் முப்பத்தொரு வருஷம் ஏரிக்கரையும் வாய்க்கால் கரையும் அளந்தவன் நான். கண் அதிலேயே நின்றுவிட்டது. "மோட்" என்று நான் சொன்னதும் பேரன் திருத்தினான்: "தாத்தா, மேடுன்னா மாட். பள்ளம்னா மோட்." முற்றத்துக்குப் பெயர் பெய்லி. மாட் அண்ட் பெய்லி கோட்டை.

அப்புறம் வீட்டில் தேடிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. அகழியைக் குறிக்கும் அந்த மோட் என்ற ஆங்கிலச் சொல்லே மேட்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதானாம். மேட்டின் பெயர் நழுவிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. மண் வேலை பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை, இரண்டும் ஒரே வேலைதானே.

அப்படித்தான் இன்று காலை யூஸ்டனில் ரயில் ஏறினோம். முக்கால் மணிக்கும் குறைவான பயணம். பெர்க்கம்ஸ்டெட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கோட்டை, நுழைவுக் கட்டணம் இல்லை. செஞ்சியைப் பார்த்த கண்ணோடு என் மனைவி உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, ஒரு நிமிஷம் கழித்துக் கேட்டாள்: "ஏங்க, கோட்டை எங்க?"

அவள் கேட்டதில் தப்பில்லை. சிக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்பில் பதித்துக் கட்டிய மதில் துண்டு துண்டாக நிற்கிறது. பல்லுப் போன ஈறு மாதிரி. மீதியெல்லாம் புல்தரை. ஒரு மூலையில் அந்த மேடு, ஏறத்தாழ 40 அடி உயரம். ஆனால் இடம் லேசுப்பட்டதல்ல. 1066-ல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து நார்மன் படையோடு வந்து ஹேஸ்டிங்ஸ் போரில் ஜெயித்த வில்லியம் லண்டனைச் சுற்றி வளைத்து வந்தபோது, ஆங்கிலப் பிரபுக்களும் ஆயர்களும் வந்து பணிந்தது இந்த ஊரில்தான். அதற்குப் பின் அவனுடைய தம்பி, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை, மோர்ட்டேன் பிரபு ராபர்ட் கையில் இந்த இடம் வந்தது. மேடு எழுந்தது அப்போதுதான்.

நான் மேட்டின் அடியைக் காலால் அளந்தேன். என் ஒரு எட்டு இரண்டரை அடி, சர்வீஸில் பழகிய கால். வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றுவதைப் பார்த்து, நாயோடு வந்த ஒரு வயதான அம்மாள், எதையாவது தொலைத்துவிட்டேனா என்று கவலையோடு கேட்டார். மண் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறேன் என்றேன். சிரிக்கவில்லை, கிண்டல் செய்யவில்லை. "ஓ, லவ்லி" என்று சொல்லிவிட்டு, என் எண்ணிக்கை கெடக்கூடாது என்று நாயை இழுத்துக்கொண்டு விலகி நின்றார். நம்ம ஊரில் இதற்குள் நாலு பேர் கூடி நாலு யோசனை சொல்லியிருப்பார்கள்.

கணக்கு இது, உத்தேசம்தான். அடி விட்டம் 180, உச்சி விட்டம் 60, உயரம் 40 என்று வைத்தால் சுமார் 4,90,000 கன அடி, அதாவது 4,900 யூனிட். ஓர் ஆள் வெட்டிச் சுமந்து மேலே கொட்ட ஒரு நாளைக்கு 50 கன அடி என்று தாராளமாகவே போட்டால் கிட்டத்தட்ட 9,800 ஆள்நாள். நூறு பேர் என்றால் மூன்று மாதத்துக்கு மேல். முற்றத்தைச் சுற்றிய கரையும் இரட்டை அகழியும் இதில் சேரவில்லை. வந்து இறங்கிய நார்மன்கள் கொஞ்சம் பேர். அவர்கள் மண்வெட்டி பிடித்திருக்க மாட்டார்கள். பிடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், தங்களை அடக்கி வைக்கும் மேட்டைத் தாங்களே போட்டார்கள்.

மேலே ஏறினால் ஒரு கிணறும் வட்டச் சுவரின் மிச்சமும் இருக்கின்றன, காற்றும் நிறைய. கீழே இறங்கி, மகள் கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பெய்லியின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நிலக்கடலை காற்றில் பறந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் தடதடவென்று போகிறது. 1833-ல் அந்த ரயில்பாதைக்கு அனுமதி கொடுத்த சட்டத்திலேயே கோட்டையைத் தொடக்கூடாது என்று சேர்த்தார்களாம். அப்படியும் ரயில்பாதைக் கரை தெற்கு வாசல் பக்கத்தையும் வெளி அகழியில் கொஞ்சத்தையும் விழுங்கிவிட்டது. ஒரு கரை இன்னொரு கரையை.

ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு காபி ஏழு பவுண்டு இருபது. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே என்று மகள் சொல்லியிருந்தாள். பெருக்கிவிட்டேன்.

மார்ச் 26, செவ்வாய் – கேம்பிரிட்ஜ்

மனைவிக்குக் கல்லூரிகளைக் காட்டுகிறேன் என்று சொல்லி அழைத்து வந்தேன். காட்டவும் செய்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு "சும்மா கொஞ்சம் நடக்கலாம் வா" என்று ஆற்றுப் பாலம் தாண்டி மேற்கே ஏறுகிற தெருவில் திருப்பினேன். அவளுக்குப் பாதி வழியிலேயே புரிந்துவிட்டது. "இங்கயும் மேடா?"

இங்கேயும்தான். 1068-ல் வில்லியம் யார்க்கிலிருந்து திரும்பும் வழியில் போட்டது. கோட்டை என்று சொல்ல மேட்டைத் தவிர எதுவும் இல்லை. பின்னால் எழுந்த கல் கட்டடத்தின் கல்லையும் கல்லூரிகள் கட்ட எடுத்துப் போய்விட்டார்கள், கிங்ஸ் கல்லூரி உட்பட. காலையில் என் மனைவி அண்ணாந்து பார்த்து வியந்தாளே, அந்தக் கல்லூரி.

மேலே போகச் சுழன்று ஏறும் பாதை இருக்கிறது. உச்சியில் இரண்டு மாணவர்கள் ஒரே சிப்ஸ் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டு பரீட்சையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம், அவர்கள் பரவாயில்லை என்றார்கள். கடைசியில் நான்கு பேரும் நின்றுகொண்டே இருந்தோம், பெஞ்ச் காலி. ஊர் முழுக்கக் கூரைகள், தேவாலயக் கோபுரங்கள். ஒரு சின்னப் பையன் சரிவில் உருண்டு இறங்கினான், மறுபடி ஏறினான், மறுபடி உருண்டான். அவன் அம்மா கீழே போனில் பேசிக்கொண்டே கணக்காக அவனைப் பிடித்தார்.

1086-ல் வில்லியம் நாடு முழுக்க எடுத்த நிலக்கணக்கு, டூம்ஸ்டே, அதில் இந்த ஊருக்கு நேரே ஒரு வரி இருக்கிறது. கோட்டைக்காக 27 வீடுகள் இடிக்கப்பட்டன. லிங்கனில் 166 வீடுகள், நாரிச்சில் 98. நான் ஏரி விரிவாக்கத்துக்கு நில எடுப்புப் பட்டியல் எழுதியவன். சர்வே எண், கட்டடம், மரம், கிணறு என்று ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் நஷ்டஈட்டுத் தொகை போடுவோம். இந்தக் கணக்கில் இருபதாண்டு கழித்து எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்கிறது, அதுவும் வீட்டை இழந்தவனுக்காக இல்லை, அந்த வீட்டிலிருந்து வரி வராது என்பதற்காக. வில்லியம் 1087-ல் செத்தபோது ஆங்கிலத் துறவி ஒருவர் ஆங்கிலேயர்களின் ஆண்டுக்குறிப்பில் எழுதினார்: கோட்டைகள் கட்டவைத்தான், ஏழைகளை வாட்டி எடுத்தான் என்று. வேறெந்த வேலைக்கும் முன்னால் கோட்டை வேலைதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது.

இறங்கும்போது ஒரு சைக்கிள் என்னை இடிக்கப் பார்த்தது. தப்பு என்னுடையது, ஆனால் சாரி சொன்னது சைக்கிள்காரர்.

மார்ச் 27, புதன் – தெட்ஃபர்ட்

இன்று மழை. காலையிலிருந்து ராத்திரி வரை, நிறுத்தி நிதானமாக.

தெட்ஃபர்ட் நார்ஃபக் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். டூரிஸ்ட் கூட்டம் இல்லை. ஆனால் இங்கே இருக்கிற மேடு இங்கிலாந்திலேயே மிக உயரமானவற்றில் ஒன்று, இன்றைக்கும் 62 அடி நிற்கிறது. வீட்டுத் தெருவில் திரும்பினால் சட்டென்று கூரைகளுக்கு மேலே பச்சையாக எழுந்து நிற்கிறது. என் மனைவி குடைக்குள்ளிருந்து அதைப் பார்த்து, "இது மலைங்க" என்றாள். மலை இல்லை, கூடை கூடையாகக் கொட்டியது என்றேன். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

நார்மன்கள் இங்கே புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே, இரும்புக் காலத்து மக்கள் போட்ட இரட்டைக் கரையும் பள்ளமும் இங்கே இருந்தன. அதையே பெய்லியாக வைத்துக்கொண்டு நடுவில் மேட்டை எழுப்பினார்கள். பழைய கரையைச் சேர்த்து எஸ்டிமேட்டைக் குறைத்தாயிற்று. ஆனால் இத்தனை பெரிய மேட்டுக்கு ஆயுள் நூறு வருஷம்தான். 1173-ல் ஹியூ பிகாட் என்ற பிரபு இரண்டாம் ஹென்றிக்கு எதிராகக் கிளம்பியபோது, அரசன் ஆட்கள் கோட்டையை அழித்தார்கள். மரம் போயிற்று. மண்ணை என்ன செய்ய முடியும்? அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

உச்சிக்கு மரப்படிகள் போட்டிருக்கிறார்கள். நனைந்த மரம். முதல் பாதி நன்றாக ஏறினேன். அப்புறம் காற்று குடையை மேல்பக்கமாகத் திருப்பியது, குடையைப் பிடிக்கப் போய்க் கால் வழுக்கியது. ஒரு முழங்கால் படியில், ஒரு கை சேற்றில், எங்கள் துறையின் எம் புக் (அளவுப் புத்தகம்) மாதிரி நான் வைத்திருந்த சின்ன நோட்டு சரிவில் கீழே. மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு இளைஞன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். அது மட்டுமில்லை, சரிவில் பத்தடி இறங்கி அந்த நோட்டையும் எடுத்து வந்தான், அவன் வெள்ளைக் காலணி பாழ். "நோ வொரீஸ் மேட்" என்று போய்விட்டான். நோட்டில் மை கரைந்து இரண்டு நாள் கணக்கும் நீலக் கறை. அதனால் தெட்ஃபர்ட் மேட்டில் எத்தனை யூனிட் என்று கேட்காதீர்கள்.

விழுந்ததில் ஒரு லாபம். கையில் ஒட்டிய சேறு கறுப்பாக இல்லை, வெள்ளையாக இருந்தது. அகழியில் வெட்டியது சுண்ணப்பாறை என்பதால் மேடு முழுக்க அதுதான். விரலில் தேய்த்தால் மாவு மாதிரி, நடுவே கூரான சிக்கிமுக்கிச் சில்லுகள். பேரன் புத்தகத்தில் பாயூ சித்திரத்துணியின் ஒரு துண்டுப் படம் இருந்தது. வில்லியம் படையெடுப்பைக் கம்பளி நூலில் தையலாகச் சொல்லும் அந்த 11ஆம் நூற்றாண்டுத் துணியில், ஹேஸ்டிங்ஸில் மேடு போடும் காட்சி வருகிறது. மேடு பட்டை பட்டையாகத் தைக்கப்பட்டிருக்கும். அழகுக்கு என்று நினைத்தேன். இல்லை, ஒரு படுகை போட்டு இறுக்கி அதன்மேல் அடுத்த படுகை போடுகிற முறையைக் காட்டுகிறது என்கிறார்கள். நாங்கள் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு படுகை போட்டுத் திமிசுக்கட்டையால் இடிப்போமே, அதே. அந்தத் துணியில் வேலைக்காரர்கள் இரண்டு பேர் மண்வெட்டியால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். எந்த சைட்டிலும் உண்டு.

மேலே நின்றபோது எனக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதைதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் கரைக்கு வரவேண்டும், வந்தியம்மைக்கு ஆள் இல்லை. மதுரையில் ஆள் இல்லாத கிழவிக்குச் சிவன் கூடை எடுத்தார். இங்கே இப்படி எத்தனை வந்திகளோ.

நனைந்து நடுங்கி ஒரு போர்ச்சுகீசியக் கடைக்குள் நுழைந்தோம். இந்த ஊரில் போர்ச்சுகீசியர்கள் நிறைய. கடைக்கார அம்மாள் எங்களைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி, "கோவாவா?" இல்லை, தமிழ்நாடு என்றதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கி, பிறகு மலர்ந்தது. முட்டைக் கஸ்டர்டை மெல்லிய மாவுக் கிண்ணத்தில் ஊற்றி மேலே கருகச் சுட்ட பாஸ்டெல் டி நாட்டா, ஒன்று ஒரு பவுண்டு அறுபது. மனைவி முட்டை சாப்பிட மாட்டாள். அவளுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி சுட்டுக் கொடுத்து, என் ஈரக் கோட்டை ஹீட்டர் மேல் போட்டுக் காயவைத்தார், கேட்காமலேயே. நான் நான்கு நாட்டா சாப்பிட்டேன். விழுந்தவனுக்குச் சலுகை.

மேட்டைப் பற்றி அவருக்கு ஒரு கதை தெரிந்திருந்தது, ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம். சாத்தான் பெரிய பள்ளங்களை வெட்டி முடித்துவிட்டு இங்கே வந்து பூட்ஸில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிப் போட்டான், அதுதான் இந்த மேடு. வேலை செய்தவர்களுடைய பெயர் மறந்துபோனால் ஊர் யாருக்காவது பெயரைக் கொடுத்துவிடுகிறது.

மார்ச் 28, வியாழன் – ஈலி, தெரியாத்தனமாக

தெட்ஃபர்டில் ரயில் இருபது நிமிஷம் தாமதம். ஈலியில் மாறவேண்டிய ரயில் நாங்கள் இறங்கும்போது வாலைக் காட்டிக்கொண்டு போனது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரலாம் என்றாள் மனைவி. நான் போனில் வரைபடத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பத்து நிமிஷ நடையில், தேவாலயத்துக்குத் தெற்கே பூங்காவில், செர்ரி ஹில் என்று மரங்கள் மூடிய ஒரு மேடு. அதுவும் நார்மன் மேடுதான். அந்தக் காலத்தில் ஈலி சதுப்புக்கு நடுவே ஒரு தீவு. ஹியர்வர்ட் என்ற ஆங்கிலக் கலகத் தலைவனும் அவனோடு சேர்ந்தவர்களும் 1071 வரை வில்லியமுக்கு அடங்காமல் இங்கே நின்றார்கள். பூங்காவில் பசுமாடுகள் கூட இல்லை, நாங்கள் இரண்டு பேரும் பெட்டியை உருட்டிக்கொண்டு. பெட்டியின் சக்கரம் ஒன்று ஈரப் புல்லில் சிக்கிக் கழன்றது. அதற்கப்புறம் யார்க் வரை அந்தப் பெட்டியை நான்தான் தூக்கினேன், அவள் தொடவில்லை.

மதியச் சாப்பாடு ரயிலில், நின்றுகொண்டே, குளிர்ந்த சீஸ் சாண்ட்விச். ஈஸ்டர் விடுமுறைக் கூட்டம். இரண்டு சாண்ட்விச் ஒன்பது பவுண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை.

மார்ச் 29, வெள்ளி – யார்க்

வெயில்! ஐந்து நாளில் முதல் முறை.

க்ளிஃபர்ட்ஸ் டவர் மற்றவை மாதிரி இல்லை, இதற்குத் தலை இருக்கிறது. மேட்டின் மேல் நான்கு இதழ்ப் பூ வடிவத்தில் கல் கோபுரம், 1245 வாக்கில் மூன்றாம் ஹென்றி ஆரம்பித்தது. அனுமதிச் சீட்டு ஆளுக்குப் பத்துப் பவுண்டு பக்கம். 55 படிகள், கைப்பிடி உண்டு. உள்ளே 2022-ல் புதிதாக மரத்தளமும் மேல்மாடமும் போட்டிருக்கிறார்கள், பழைய சுவர் மேல் பாரம் ஏறாதபடி தூண்களில் நிற்கிறது. நல்ல வேலை, அரை மணி நேரம் மூட்டுகளையே பார்த்தேன். மற்றவர்கள் ஹென்றி அரசனின் கழிப்பறையைப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

சுவரில் விரிசல்கள். போட்ட மண்ணில் கல்லை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பாடம். 14ஆம் நூற்றாண்டிலேயே உச்சியிலிருந்து அடி வரை பிளந்தது. முதலில் மரக்கோபுரம் வைத்ததற்கு அவசரம் மட்டும் காரணமில்லை, புது மண் கல்லைத் தாங்காது.

இதற்கு முன்னால் இருந்த மரக்கோபுரம் என்ன ஆயிற்று என்பதைப் படியேறுமுன் கீழேயே ஒரு கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் கடந்து போய்விட்டேன், மனைவிதான் நின்று படித்தாள். 1190 மார்ச் 16. ஊரில் கலவரம். யூதர்கள், ஏறத்தாழ 150 பேர், அரசனின் கோட்டை ஆயிற்றே என்று இந்த மேட்டின் மேல் வந்து அடைக்கலம் புகுந்தார்கள். கீழே கூட்டம் சூழ்ந்துகொண்டது. தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் பலர் தங்கள் குடும்பத்தைத் தாங்களே கொன்று தாங்களும் மாய்ந்தார்கள். கோபுரம் எரிந்தது. உயிருக்கு உத்தரவாதம் என்று கேட்டு இறங்கி வந்தவர்களை அடியிலேயே வெட்டினார்கள். பிறகு கூட்டம் நேராகத் தலைமைத் தேவாலயத்துக்குப் போய், யூதர்களிடம் தாங்கள் வாங்கிய கடன் பத்திரங்களை எரித்தது. காரியத்தில் கண்ணாக இருந்திருக்கிறார்கள்.

மேட்டுச் சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூக்கள், இந்தச் சமயத்தில்தான் பூக்கும். மனைவி படியேறவில்லை. நீங்க போய்ட்டு வாங்க என்று அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் இறங்கி வந்தபோதும் அங்கேயேதான் இருந்தாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் அவளுக்கு அவித்த உருளைக்கிழங்கைப் பிளந்து பீன்ஸ் ஊற்றியது. எனக்கு யார்க்‌ஷயர் புட்டிங். புட்டிங் என்ற பெயரை நம்பி இனிப்பு என்று நினைத்தேன், உப்புப் போட்ட உப்பல் அப்பம். குழம்பு இருந்தால் நம்ம ஊரில் விலைபோகும்.

சாயங்காலம் ஊஸ் ஆற்றைத் தாண்டினோம். யார்க்கில் வில்லியம் 1068-லும் 1069-லும் இரண்டு கோட்டை போட்டான், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டாவது மேட்டின் பெயர் பெய்ல் ஹில். நகர மதில் முடியும் மூலையில் மரங்களுக்குள் ஒடுங்கி நிற்கிறது. சீட்டு இல்லை, வரிசை இல்லை. மதில்மேல் நடந்து போகிறவர்கள் அதை ஒரு தோப்பு என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். இங்கே அளக்கத் தோன்றவில்லை, நோட்டும் இல்லை.

நாளை மகள் வீடு. வெளிர் நிறக் கம்பளம். அதனால் அறைக்குத் திரும்பியதும் வாசல் படியில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, ஒரு ஐஸ்கிரீம் குச்சியால் அடியைச் சுரண்டினேன். பெர்க்கம்ஸ்டெட் புல், ஈலிக் கறுப்பு, குதிகாலின் இடுக்கில் கெட்டியாக வெள்ளைத் தெட்ஃபர்ட், நடுவில் ஒரு சிக்கிமுக்கிச் சில்லு. சின்னக் குவியலாகச் சேர்ந்தது. மனைவி கதவருகில் நின்று அதைப் பார்த்தாள்.

"அந்தப் போர்ச்சுகீசிய அம்மா சொன்னது உங்களைத்தான் போல."

சில்லைத் துடைத்துப் பேரனுக்கு என்று பையில் போட்டுக்கொண்டேன். மீதியைச் செடியடியில் தட்டிவிட்டேன்.